வைக்கோல் பரப்பிய வண்டி

1956 மே 9

என் வார்டின் கடைசிக் கட்டிலுக்கு வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் வந்திருக்கிறார். பெயர் வெங்கடப்பன். இரண்டு பக்கமும் நிமோனியா. பென்சிலின் ஆரம்பித்தாயிற்று. கூட மனைவி நாகம்மா, தம்பி ராஜப்பன். தம்பியின் முழி சரியில்லை.

மே 10

அவர்கள் வந்த மாட்டுவண்டி திரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலேயே நிற்கிறது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே புதுப்பாய். நோயாளி கட்டிலில் கிடக்கும்போது பாய் யாருக்கு?

மே 11

நாகம்மா காலையிலிருந்து ஓயாமல் கேட்கிறாள், "இன்னைக்குத் தாங்குமாம்மா?" என்று. பிழைப்பாரா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் கிட்டே போனால் இருவரும் தெலுங்குக்கு மாறிவிடுகிறார்கள். தோப்பு நிறைய மாங்காய் தொங்கும் நேரம் — அண்ணன் கண்ணை மூடினால் தோப்பைப் பிடிக்கத் தம்பிக்கு அவசரம் இல்லாமலா இருக்கும்? ஆயா சென்னம்மாளிடம் சொன்னேன். உனக்கு எல்லாருமே திருடர்கள்தான் என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

மே 12

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ராஜப்பன் அண்ணனைத் தோளுக்கடியில் கை கொடுத்துக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தான். அவள் கால்களைப் பிடித்திருந்தாள். போட்டேன் ஒரு சத்தம். இருவரையும் வெளியே விரட்டி, கதவருகே வாட்ச்மேனை உட்கார வைத்தேன். ராஜப்பன் கும்பிட்டபடி ஏதோ சொல்ல வந்தான். அவன் கதையைக் கேட்க நான் என்ன பைத்தியமா?

மே 13

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் செய்தது சரி.

மே 14

காலையில் வெங்கடப்பன் போய்விட்டார். பக்கத்தில் நான் மட்டும்தான். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகம்மா அழவில்லை. "உசிரோட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவத்தான் வண்டிய நிறுத்தி வெச்சிருந்தோம். வெளிய செத்தவங்கள ஊருக்குள்ள வுட மாட்டாங்கம்மா. அவரு கட்டுன ஊட்டுல ஒரு நாழி படுக்க வெக்கக்கூட முடியாது இனி" என்றாள்.

என்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லித் தொலைக்கவில்லை? — சொல்லத்தானே வந்தான். நான்தானே கேட்கல. ஐயோ, நான்தானே.

மே 15

நேற்று இதை எழுதக் கை வரவில்லை.

நேற்று மதியம் யூனிஃபார்மோடு அந்த வண்டியில் ஏறினேன். பாயில் அவர், கழுத்துவரை போர்வை. நாடி பார்ப்பதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நான். வேப்பனப்பள்ளி எல்லையில் நாலைந்து பேர் வண்டியை மறித்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்.

"உசிரு இருக்குதா, நர்ஸம்மா?"

"இருக்குது. வழி விடுங்க."

விட்டார்கள். ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

வீட்டுக்குள் படுக்க வைத்த பிறகுதான் அவர் கையை விட்டேன். அப்போதுதான் நாகம்மா அழுதாள்.