மூன்று தட்டு வண்டி

8.5.2004
பெண் பார்த்துவிட்டுப் போன சேத்துப்பட்டுக்காரர்கள் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் நாத்தனார் தேவிப்ரியாவை ஒரு குறையும் சொல்லவில்லை. "ஹாலு ஃபுல்லா தறி, கூடை, நூலு. உட்கார எடமே இல்லியே"ன்னாங்களாம். அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

தறியைத் தூக்கி வெளியே போட முடியுமா? சோறு போடுவதே அதுதான். ஆனால் கூடைகளை ஒழிக்கலாம். அது என் பொறுப்பு.

11.5.2004
டெய்லர் கடைப் புத்தகத்தில் ஒரு படம். சக்கரம் வைத்த மூன்று தட்டு ஸ்டாண்டு, மேலே செடி, ஹாலுக்கே ஒரு களை. வெல்டிங் பாலுவிடம் வரைந்து காட்டினேன். "ஐஸ் வண்டியாக்கா?" என்றான். சிரிக்கட்டும்.

18.5.2004
வந்துவிட்டது! பச்சை பெயிண்ட் நானே அடித்தேன். மேல்தட்டில் பாட்டிலில் மணிபிளான்ட். நடுவில் ரேடியோ, எங்கள் கல்யாண போட்டோ. கீழ்த்தட்டில் நூல் சுற்றிய தார்க்குச்சிகள், நிறம் பார்த்து அடுக்கினேன் — மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆறு கூடை காலி. என்னை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

ஒரே தொல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வாசலுக்கு ஓடுகிற மாதிரி தரைக்கு வாட்டம். வண்டி தானாக உருள்கிறது. சக்கரத்துக்கு ஒரு செங்கல் துண்டு வைத்தேன்.

21.5.2004
போச்சு. இவர் தலை நிமிராமல் கையை நீட்டி தாரை எடுத்து நெய்திருக்கிறார். தறியில் ஓடுகிற சேலையின் சிவப்பும், மீந்துபோன பழைய சாயத்துச் சிவப்பும் நான்தானே பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினேன்? நாலு விரற்கடைக்கு சிவப்பு மாறிப்போச்சு.

"பொம்மக் கடையா வெச்சிகினு கீற? நாளைக்கே எடைக்குப் போட்டுடு!"

எனக்கும் வந்துடுச்சு கோவம். "நாலு வெரக்கடய பிரிச்சிக்கலாம். உங்க தங்கச்சிய வேணாம்னு போனவங்கள திருப்பிக் கூப்ட முடியுமா?"ன்னு கேட்டேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தோம். வண்டி எங்கேயும் போகாது.

22.5.2004
போளூரில் இருந்து ஒரு இடம். ஞாயிறு முப்பதாம் தேதி வருகிறார்களாம்.

30.5.2004
காபியை மேல்தட்டில் வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ரொம்ப ஸ்டைல்தான். செங்கல்லை அடுப்படியிலேயே விட்டுவிட்டேன்!

கையை எடுத்ததும் வண்டி நேரே மாப்பிள்ளையை நோக்கி ஓடியது. அருணகிரி — அதுதான் பையன் பெயர் — காலை நீட்டி நிறுத்தினார். காபி ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்புறம் குனிந்து இரண்டு சிவப்புத் தாரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவரும் நெய்கிறவர்.

"ரெண்டும் வேற வேற சாயமாச்சே. பக்கத்துல வெச்சா கை மாறிடாதுங்களா?"

இவருக்கு சிரிப்புத் தாங்கவில்லை. "மாறிச்சே!" என்று நாலு விரற்கடைக் கதையை என் எதிரிலேயே அவிழ்த்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் பையனுடைய அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கதவு ஓரத்தில் தேவிப்ரியாவும் சிரித்தாள். ரொம்ப நாள் ஆயிற்று அவள் சிரித்து.

31.5.2004
சரி என்று போன் வந்துவிட்டது.

12.9.2004
கல்யாணம் முடிந்து சீர் சாமானெல்லாம் டெம்போவில் ஏற்றியாகிவிட்டது. பீரோ, கட்டில், குத்துவிளக்கு. தேவிப்ரியா ஏறாமல் நின்றாள். "அண்ணி, அந்த வண்டி?" செடியோடு ஏற்றிவிட்டேன். அழுதேன், அது வேறு விஷயம்.

சாயங்காலம் இவர் தறியில் இருந்து தலை நிமிராமல் கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

"பாலுகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

டெம்போ கிளம்பினதுமே சொல்லிவிட்டேன். இந்த முறை நாலு தட்டு. இரண்டு சிவப்புக்கும் தனித்தனியாக.