பித்தளைத் திருகாணிப் பெட்டியும் ஒரு கரடியும்

என் செல்ல மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில் இங்கே நாங்களும் சுகம். சித்திக்கு மட்டும் முழங்கால் வலி, எனக்கு இருபது வயதுப் பையனின் உடம்பு என்று டாக்டரே அசந்துபோனார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் பழங்காலத்து நீளத் துப்பாக்கிகள் நாலு இருக்கின்றன அல்லவா, குழல் வாயில் கருமருந்து கொட்டி இடித்துச் சுடுவது. அந்த மருந்தை வாங்கவும் வீட்டில் வைக்கவும் லைசென்ஸ் உள்ளவர் மீசைக்காரர் ஒருவர்தான். அவருக்குக் கண் மங்கிவிட்டது, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் வாங்காவிட்டால் துப்பாக்கிகளைப் பூட்டிவைக்க வேண்டியதுதான். சனிக்கிழமைதோறும் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் மனுஷன் கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறார். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், நான் மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மருந்து வைக்கும் பெட்டியை நானே செய்தேன். கனத்த பலகை, உள்ளே ஆறு அறை, பொறி பறக்கக் கூடாது என்று இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் முழுக்கப் பித்தளைத் திருகாணி. அரண்மனையில்கூட இப்படி ஒன்று கிடையாது. சோதிக்க வந்த போலீஸ் அம்மா மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்குங்க என்றார். ஆனால் விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் நான், முப்பது வருடமாகக் கருமருந்தில் சுடுகிறேன், கரடிகூட விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதை வாசித்தவர் நிதானமாக, முப்பது வருஷமா லைசென்ஸ் இல்லாம மருந்து எங்கேருந்து வாங்கினீங்க பெரியவரே, என்றாரே பார்க்கலாம். உன் சித்திதான் கதவோரம் நின்று, இவர் துப்பாக்கியைத் தொட்டே ரெண்டு வருஷம்தாங்க, அதுவும் மீசைக்காரர் பக்கத்துல நின்னாத்தான், எத்தனையோ வருஷமா இந்தக் கரடியோடதான் நான் குடித்தனம் நடத்தறேன், என்று போட்டு உடைத்தாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பெண்டாட்டி சொன்னால் போதாதாம், என்னை வெகுகாலமாகத் தெரிந்த, இந்த வீட்டில் இல்லாத ஒருவர் சொல்ல வேண்டுமாம். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள், உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

அதனால் நீ தெரிந்துகொள், கரடி கிடையாது. ஏழு வயதில் நீ காய்ச்சலில் கிடந்தபோது சொன்னது அது. நீ சிரித்தாய், மறுநாளே இரண்டு கரடி ஆகிவிட்டது. என் காலில் இருக்கும் தழும்பும் கரடி கீறியது இல்லை, ஏணியிலிருந்து விழுந்ததில் வந்தது, சின்ன ஏணிதான். கரடியை நம்பாத பெண்ணோடு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு உதடு கிழிந்து வந்தாயே, அன்றே சொல்லியிருக்க வேண்டும். எங்க சித்தப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன் என்று அழுதாய். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, அவள் சொன்னதுதான் சரி.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும், மறக்காமல் எடு. என்னைப் பற்றி உள்ளதை மட்டும் சொல். பெட்டியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், அது நிஜம்.

இப்படிக்கு,
கரடி சுடாத உன் சித்தப்பா