திரும்பி வந்தவர்கள் சொன்னது

இன்று மதியம் அலுவலகத்தில் ஒருத்தி சப்பாத்தி சுற்றிக் கொண்டுவந்த அலுமினியத் தாளைத் தரையில் தவறவிட்டாள். யாரோ அதை மிதித்துவிட்டுப் போனார்கள். குனிந்து எடுத்தேன். ஷூவின் அடிப்பாகம் அப்படியே பதிந்திருந்தது. குதிகாலில் வளைவு வளைவாகக் கோடுகள், முன்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள், வெளி ஓரம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. குப்பைக் கூடைக்குப் போகவேண்டியதை நான் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவள், என்ன, திருடனைப் பிடிக்கப் போகிறாயா என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உன்னைப் பற்றி இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆகியிருக்கும். பாதியில் போன் செய்து, "ஏட்டி, இத ஹிந்தில எழுதித் தொலச்சா என்ன" என்று கேட்டிருப்பாய். டெல்லி புசா ரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தும் தமிழ் எழுத்து உனக்குப் பிடிபடவே இல்லை. ஆனால் கோடை விடுமுறைக்கு மட்டும் பார்த்த திருநெல்வேலியின் பேச்சு உன் வாயில் அப்படியே இருந்தது, நடுநடுவே அச்சாவும் சலோவும் சேர்ந்து.

எந்தத் தேடலுக்குப் போனாலும் அந்தத் தாள்தான் முதல் வேலை. மலையில் ஒருவரைக் காணோம் என்று தகவல் வரும். நம் மலையேற்றக் குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பொய் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் கூடுவோம். நீ சர்க்கார் குமாஸ்தா, நம் எல்லாரிலும் மூத்த பல்ஜீத் பாஜிக்கு கரோல் பாகில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை, தீபக்கும் நானும் அப்போது கல்லூரி. யாருக்கும் இது தொழில் இல்லை. மலையடிக் கிராமத்தில் இறங்கியதும், மேலே போகிற எல்லாரும் மடித்த துண்டின் மேல் விரித்த அலுமினியத் தாளில் ஒருமுறை ஏறி நிற்கவேண்டும். பாதையில் தெரிவது நம் காலடியா, காணாமல் போனவரின் காலடியா என்று பிறகு குழம்பக் கூடாது. உனக்கு அது போதாது. "மொதல்ல திரும்பி வந்தவனுவ கால எடு" என்பாய்.

அந்தக் கல்லூரிப் பையன்களுக்குப் பிறகு நீ இன்னும் மோசமானாய். டெல்லியிலிருந்து மூன்று நண்பர்கள் கர்வால் பக்கம் ஒரு ஏரியைப் பார்க்கப் போனார்கள். இருவர்தான் இறங்கி வந்தார்கள். மூடுபனி வந்தது, அவன் முன்னால் போய்விட்டான், கூப்பிட்டோம், பதில் இல்லை என்றார்கள். போலீஸ்காரர் நம்பினார், காணாமல் போனவனின் அண்ணன் நம்பினார், நானும் நம்பினேன். நீ ஒருவனை டீக்கடையில் உட்காரவைத்தாய், இன்னொருவனைப் பள்ளிக்கூட வராந்தாவில் என்னோடு உட்காரவைத்தாய். பிறகு நாம் இடம் மாறிக்கொண்டோம். இரண்டு பேரும் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, உனக்கு முகம் இறுகியது.

"நெசமா பாத்தவனுவ ரெண்டு பேரு ஒரே மாதிரி சொல்ல மாட்டானுவ. எங்கயாவது இடிக்கும். இடிக்கலன்னா உக்காந்து பேசி வச்சிருக்கானுவன்னு அர்த்தம்."

மேலே போகும் பாதையின் சேற்றில் இரண்டு ஜோடிக் காலடிகள்தான் இருந்தன. இரண்டும் நம் தாளில் இருந்தவை. மூன்றாவது ஆள் அந்தப் பாதையில் ஏறவே இல்லை. நீ இறங்கி வந்து, இருவரில் சின்னவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். டீ ஆறுவதற்குள் அவன் உடைந்துவிட்டான். அந்தப் பாதை தொடங்கும் இடத்திலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு மூன்றாமவன் கீழே, ஓடைப் பக்கமாகக் குறுக்கு வழியில் திரும்பியிருக்கிறான். சொன்னால் பழி தங்கள் மேல் விழும் என்று இவர்கள் பயந்து, தேடுகிற எல்லாரையும் மலையுச்சிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். ஓடையோரப் பாறையடியில் கால் உடைந்து கிடந்தவனை உயிரோடு தூக்கி வந்தோம்.

அதற்குப் பிறகு நீ யாரைத்தான் நம்பினாய்? சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒருவன் சாயம் போகாது என்று சத்தியம் செய்தால், என்னை அவனோடு பேச்சுக் கொடுக்கச் சொல்லிவிட்டு நீ போய் அவன் தம்பியிடம் தனியாகக் கேட்டு வருவாய். இவளிடம் மணி என்னவென்று கேட்டால் வேறு யாரிடம் ஏற்கெனவே கேட்டாய் என்பாள் என்று பல்ஜீத் பாஜி கேலி செய்வார். நான் அப்போது துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். உன் சந்தேகம் எனக்குப் பெரிய அறிவாகத் தெரிந்தது. கொஞ்ச நாளில் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அப்பா ஆபீஸிலிருந்து தாமதமாக வந்து சொன்ன காரணத்தைக்கூட மனதுக்குள் இரண்டாக மடித்து ஓரம் சேருகிறதா என்று பார்ப்பேன்.

கடைசித் தேடலுக்கு நான் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு கிடைக்கவில்லை. நீங்கள் போனீர்கள். மூன்றாம் நாள் நீ இல்லாமல் வந்தீர்கள் என்று எழுதும்போதே இந்த வாக்கியம் தப்பாக இருக்கிறது, பார். நீ இல்லாமல் வந்தது அவர்கள்தான்.

பல்ஜீத் பாஜி உன் வீட்டுக் கூடத்தில், உன் அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்து சொன்னார். நல்ல வெயில். பனிச் சரிவைக் கடந்துகொண்டிருந்தோம். அவள் கயிற்றில்தான் இருந்தாள். மேலிருந்து கல் சரிந்தது, கயிறு மாட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டது, எங்களால் பிடிக்க முடியவில்லை. மறுநாள் தீபக் வந்தான். நல்ல வெயில் என்று ஆரம்பித்தான். கயிற்றில்தான் இருந்தாள் என்றான். கல், முளை, பிடிக்க முடியவில்லை. அதே வரிசை, அதே வார்த்தைகள்.

அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தேன். அந்தப் பார்வை என்னுடையது இல்லை, உன்னுடையது. அந்த நிமிடத்தில் அதற்காக உன்னை வெறுத்தேன்.

எத்தனை பாறைகளில் அவர்கள் கையில் என் உயிரைக் கொடுத்துத் தொங்கியிருக்கிறேன். அவர்களைத்தான் சந்தேகப்பட்டேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் கவனம் தவறியிருப்பாரோ, தீபக் முளையைச் சரியாக அடிக்கவில்லையோ, ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்களோ. ஜனக்புரி பஸ் ஸ்டாப்பில் தீபக்கைப் பிடித்து எந்தக் கயிறு என்று கேட்டேன். நீலம் என்றான். கரோல் பாக் கடையில் போய்க் கேட்டேன். நீலம் என்றார் பாஜி, கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். எதைக் கேட்டாலும் இடிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி சில வாரங்கள் நின்றிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஃபரிதாபாத்தைத் தாண்டி நம்முடைய அதே பாறைகள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முடிச்சுகள் சொல்லிக்கொடுக்க பாஜி பையைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்து உதறினார். நீலக் கயிறு. குழுவில் இருந்த ஒரே நீலக் கயிறு.

நம் குழுவில் யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஒருவர் விழுந்த பாரத்தைத் தாங்கிய கயிற்றை மறுபடி தொடக் கூடாது. வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே நார் அறுந்திருக்கும். யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிவிடுவோம். உன் வீட்டு பால்கனியில் துணி காய்வதெல்லாம் அப்படி வெட்டிய துண்டுகளில்தானே. அந்த விதியை நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே பாஜிதான். உன்னைத் தாங்கி, முளையோடு பிடுங்கிக்கொண்டு போனதாகச் சொன்ன அதே கயிற்றில், ஒரு துண்டும் வெட்டாமல், அவர் புதுப் பையன்களைக் கட்டப் போனார்.

அவருக்கும் உடனே புரிந்துவிட்டது. நான் கயிற்றைப் பார்ப்பதைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பாறையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன். நானும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அவள் கயிற்றைக் கழற்றிவிட்டாள், மகளே," என்றார்.

அந்தக் கடைசித் தேடலில் காணாமல் போனவர் ஒரு நடுவயதுக்காரர். மனைவியும் மச்சானும் திரும்பி வந்து, வலப்பக்க முகட்டில் கால் வழுக்கி விழுந்தார் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாய். இருவரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அழவும் இல்லையாம். மற்றவர்கள் வலப்பக்கம் தேடப் போக, நீ பாஜியையும் தீபக்கையும் இழுத்துக்கொண்டு இடப்பக்கச் சரிவுக்குப் போயிருக்கிறாய். பனி இறுகிக் கண்ணாடியாக இருந்திருக்கிறது. இதற்கு மேல் கயிறு எட்டாது, இன்னொன்று வரட்டும் என்று பாஜி சொல்லியிருக்கிறார். அங்கே கீழே ஏதோ துணி தெரிகிறது, அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நீ முடிச்சை அவிழ்த்திருக்கிறாய். கால் வழுக்கியிருக்கிறது, கல் எதுவும் சரியவில்லை. துணியும் இல்லை, பாறையில் படிந்த சிவப்புப் பாசி.

அந்த மனிதர் அன்றைக்கே கிடைத்துவிட்டார். வலப்பக்க முகட்டுக்குக் கீழே, அவர்கள் சொன்ன அதே இடத்தில், விலா எலும்பு முறிந்து, உயிரோடு.

நான் அந்தப் பாறையடியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். அந்த மனைவியும் மச்சானும் ஏன் ஒரே மாதிரி சொன்னார்கள்? கிராமத்துத் தலைவரிடம் சொன்னார்கள், போலீஸில் சொன்னார்கள், டெல்லியிலிருந்த உறவுக்காரர்களுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து கத்திச் சொன்னார்கள், பிறகுதான் உன்னிடம் சொன்னார்கள். அத்தனை முறை சொன்னால் உண்மையும் தேய்ந்து வழவழப்பாகிவிடுகிறது. அதற்கு மேல் அழவும் வருவதில்லை. இது உனக்குத் தோன்றவில்லை. எனக்கும், நீ போகிறவரை தோன்றவில்லை.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று பாஜியிடம் கேட்டேன். யாரையும் நம்பாததால் உன் மகள் போனாள் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்றார். கல்லின் மேல் பழி போட்டால் கல் கவலைப்படாது என்றும் சொன்னார்.

உன் அம்மாவிடம் நான் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மாலை அவளே ஆள் அனுப்பினாள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அதே சமையலறை, அதே ஸ்டூல். நாம் பள்ளியிலிருந்து நேரம் கழித்து வந்தால் உன்னைக் கூடத்திலும் என்னை இந்த ஸ்டூலிலும் உட்காரவைத்து, எங்கே போனீர்கள் என்று தனித்தனியாகக் கேட்பாளே. நீ எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுப்பில் பால் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"அவனுவ ரெண்டு பேரும் ஒண்ணுபோல சொல்லுதானுவ. நீ அங்க போகல. ஆனா ஒன்கிட்ட சொல்லிருப்பானுவ. அவ கயித்துல இருந்தாளா, இல்லயாட்டி?"

நான் உண்மையைச் சொல்லியிருந்தால், தன் பெண் தன்னிடம் கற்ற குணத்தால் செத்தாள் என்று மிச்ச நாளெல்லாம் அவள் அந்த அடுப்படியில் நின்றிருப்பாள். பாஜியும் தீபக்கும் சொன்னதையே சொன்னால் நம்பமாட்டாள். மூன்றாவது முறையும் அதே வார்த்தைகள் என்றால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். எங்காவது இடித்தாகவேண்டும்.

"கயித்துலதான் இருந்தா, அம்மா," என்றேன். "மழை தூறிட்டிருந்ததாம். அதனால மேலேர்ந்து கல் வந்தது தெரியலயாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவனுவ நல்ல வெயில்னானுவ."

"எங்கிட்ட மழைன்னுதான் சொன்னாங்கம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, நானும் எழுந்து அணைக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

"மழைன்னா வழுக்கத்தான செய்யும்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. பாஜி வீட்டில் கல்யாணத்துக்குப் போனாள். தீபக்கைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிடச் சொன்னாள். போன குளிர்காலத்தில் அவளும் போய்விட்டாள், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஆனால் நான் வழுக்கியது என்று சொல்லவில்லை. கல் என்றுதான் சொன்னேன். கவனிக்காமல் சொன்னாளா, கவனித்துச் சொன்னாளா? என் பொய்யை நம்பினாளா, அல்லது உண்மை தெரிந்தும், எனக்கு அது கனக்குமே என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அவளும் ஒரு கை கொடுத்தாளா? மெட்ரோவில் நிற்கும்போதும், துணி மடிக்கும்போதும் அவளுடைய அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சில நாள் ஒரு பதில் வருகிறது, சில நாள் மற்றது. நீ விட்டுப்போன சந்தேகங்களில் என்னிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதை மட்டும் தீர்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.