சனிக்கிழமை பன்

அப்பாவுக்கு,

முதியோர் இல்லத்திலிருந்து செவிலி டோருன் இன்று அழைத்தாள். மூன்று நாளாக நீங்கள் ஏலக்காய் பன் கேட்கிறீர்களாம். வேகவைத்த மீனையும் பீட்ரூட்டையும் தொடுவதே இல்லையாம்.

"ஒரே ஒரு பன்னுதானேங்க! தொண்ணூத்தொரு வயசுல சர்க்கரை ஏறி என்ன ஆயிடப்போகுது?" என்று சிரித்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"புதன்."

"அப்ப வேண்டாம்."

"சனிக்கிழமை வரைக்கும் உசிரு தாங்குமான்னு தெரியலைங்க."

"தெரியும்" என்றேன்.

நம் வீட்டில் நீங்கள் வைத்த விதி: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், கால் பங்கு உருளைக்கிழங்கு, இனிப்பு சனிக்கிழமை மட்டும். ஸ்வீடனில் எல்லா வீட்டிலும் இனிப்புக்கு அந்த விதி குழந்தைகளுக்குத்தான். நீங்கள் அதை அம்மாவுக்கும் வைத்தீர்கள். புற்றுநோய் முற்றிக் கிடந்தவள் ஏலக்காய் பன் கேட்டதும் ஒரு புதன்கிழமைதான். "மூணு நாள் பொறுத்துக்கோ, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றீர்கள். வாங்கியும் வைத்தீர்கள். அவள் வெள்ளிக்கிழமை போய்விட்டாள். மறுநாள் காலை காப்பியோடு அந்தப் பன்னை நீங்களே சாப்பிட்டீர்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

டோருன் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே பன்னோடு வருகிறேன். அதுவரை பீட்ரூட்டைச் சாப்பிடுங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உங்கள் மகள்