மய

கோழிக்கோடு
3 ஜூன் 2024

சைனபாவுக்கு மம்மாலியின் ஸலாம்.

கபில் தேவ் கோப்பையைத் தூக்கிய வருடம். மழை பிந்தி, கிணறுகளில் சேறுதான் மிச்சம். ஹஸீனா பேகத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கேசட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டதால், கோரஸுக்கு வந்திருந்த உன்னைப் பாடச் சொன்னோம். நான் தபலா. அட்டையில் ஹஸீனா பெயரே அச்சானது. எனக்கு எழுத்து தெரியாது; தெரிந்த நீயும் வாய் திறக்கவில்லை.

நேற்று அவள் மகன் நிஷாத் வந்தான்.

"உம்மாவோட பாட்டையெல்லாம் போன்ல ஏத்துறேன் இக்கா. அதே குரல்ல மெஷின் புதுப் பாட்டும் பாடும். அது உம்மா குரல்தான்னு கேமராவுல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மழைக்கு நம்ம மலபார் பேச்சுல 'மய'ன்னு வருதேடா. உங்க உம்மா ஆலப்புழைக்காரி. அவ நாக்குல 'மய' வராதே."

"அந்தத் தப்பை மெஷின் திருத்திடுச்சு இக்கா!"

போட்டுக் காட்டினான். குரல் உன்னுடையது, சொல் உன்னுடையது இல்லை. அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து கேமராவோடு வருவான். நான் என்ன சொல்ல?

மருந்துக்கடை சுரேந்திரன்தான் எழுதுகிறான். வெளியே சொல்ல மாட்டான்.

மம்மாலி

வடகரை
7 ஜூன்

மம்மாலிக்காவுக்கு,

என் பெயரைச் சொல்லாதீர்கள். பாட மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு என்னைக் கட்டியவர் அவுக்கர். துபாயில் அந்தக் கேசட்டை நாடா தேயத் தேயக் கேட்டார். "ஹஸீனா குரலக் கேட்டியா? நீயும் இருக்கியே, வாயத் தொறந்தா மீன் வண்டி ஹாரன்" என்று எழுதுவார். சிரித்துவிட்டு மடித்து வைப்பேன். அது என் குரல் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. கபருக்குள் கிடப்பவரை ஏமாந்தவராக்க மனமில்லை.

ஆனாலும் இக்கா, 'மய' எப்படித் தப்பாகும்?

சைனபா

கோழிக்கோடு
15 ஜூன்

சைனபாவுக்கு,

உன் பெயரைச் சொல்லவில்லை. பொய்யும் வாயில் வரவில்லை. "இது ஹஸீனா குரல் இல்ல" என்றேன்.

நிஷாத் கேமராவை அணைத்தான். "அப்ப யாரோடது? உங்களுக்குக் காதும் மந்தம், எழுத்தும் தெரியாது. வேற சாட்சி இருந்தாக் காட்டுங்க. இல்லன்னா மாசக் கடைசியில பாட்டு வெளியே வந்துரும். அப்புறம் அது உம்மா குரல்தான்."

அன்று பாட்டுப் பதிந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஹார்மோனியம் ஆலிக்கோயா இறந்துபோனான். ஒலிப்பதிவு வர்கீஸ் போனார். ஹஸீனாவும் போய்விட்டாள். என் பேச்சை நிஷாத் ஏற்கவில்லை. இனி உயிரோடு இருப்பது ஒருத்திதான்: வடகரை சைனபா.