அவிழ்க்க விடாத பின்னல்

என் ஆசைத் தோழி கன்னியம்மாவுக்கு,

செத்துப்போனவளைப் பார்த்து வயிறெரிகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உனக்கு எழுத்து தெரியாது, எனக்குத் தெரியும். அந்த ஒன்றிலாவது உனக்கு ஒரு படி மேல் என்ற திமிரில்தான் இதை எழுதுகிறேன்.

உன் மகள் வள்ளி கல்மண்டபம் பேட்டையில் என் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பனும் இல்லாதவளை, வாந்திபேதி உன்னைக் கொண்டுபோன மறுநாளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளையில்லாத எனக்கு நீயே கொடுத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டேன். புதுப் பாவாடை, வஞ்சிர மீன் வறுவல், எதில் குறை வைத்தேன்? அவள் என்னை ஏறெடுத்துப் பார்த்தாளா? வாயே திறக்கவில்லை. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

படுக்கையில் விழுவதற்கு முன் நீ கடைசியாகப் பின்னிவிட்ட பின்னலை மட்டும் யாரையும் தொட விடவில்லை. சீப்பை எடுத்தாலே கையைக் கடித்தாள். எண்ணெய் படாமல் அது சிக்குப் பிடித்து, கயிறு மாதிரி திரண்டுவிட்டது. தெருவே கூடிவிட்டது. "ஆத்தா சடையா எறங்கிகீறாடி, கத்திரிய எடுத்தே, குடும்பம் வெளங்காது!" என்று பக்கத்து வீட்டு ராஜம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மன் இறங்கியிருந்தால் நானும் கும்பிட்டிருப்பேனே. இறங்கியிருந்தது நீ அல்லவா! என் வீட்டில், என் பாயில், எனக்கும் அவளுக்கும் நடுவில் நீ படுத்திருந்தாய்.

சோறும் குறைந்து பிள்ளை எலும்பும் தோலுமானாள். "இது நம்ம கையில நிக்காது. இன்னாத்துக்கு பேஜாரு? அநாத ஆசிரமத்துல வுட்டுடலாம்" என்றார் என் புருஷன். "அவள வுட்டா நானும் போறேன், நீ தனியா பொங்கித் துன்னு" என்று கத்திவிட்டு, டிராம் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு லேடி டாக்டர். கண், நாக்கு, வயிறு எல்லாம் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "யாரும்மா இவ்வளவு அழுத்தமா பின்னிவிட்டது?" என்றார்.

"எங்கம்மா" என்றாள்.

மாதக்கணக்கில் எனக்குக் கிடைக்காத குரல், உனக்கு என்றதும் வந்துவிட்டது. வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்லடி.

"உடம்புல கோளாறு இல்லம்மா, துக்கம்தான். அவ அம்மாவைப் பத்தி வீட்ல பேசுவீங்களா?"

"பேசினா மறக்காதுன்னு நாங்க வாயே தொறக்கறதில்ல டாக்டரம்மா."

"பேசுங்க. தினமும் பேசுங்க. பின்னலை அவளே அவுக்கச் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

மருந்தா இது? உன் புகழை நானே பாட வேண்டுமாம்! பாடினேன். மீன் கூடையோடு டிராமில் ஏறாதே என்று விரட்டிய கண்டக்டரின் மடியில் நீ உயிர் நண்டைப் போட்ட கதையைச் சொன்னேன். வள்ளி கெக்கெக்கென்று சிரித்தாள். அந்த முதல் சிரிப்பும் உனக்குத்தான் போயிற்று. ஆனால் சிரித்தபடியே என் கையால் இரண்டு உருண்டை சோறு வாங்கிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "வலிக்காம அவுத்து வுடு. எங்கம்மா மாரியே பின்னணும்."

எண்ணெய் ஊற்றி ஊற்றிச் சிக்கெடுக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. உன்னைப் போலவே அழுத்திப் பின்னினேன். தடவிப் பார்த்துவிட்டு, "எங்கம்மாது இப்டி இருக்காது" என்றாள். நான் சீப்பில் சிக்கிய முடியை எடுக்க ஆரம்பித்தேன். திரும்பாமலே கேட்டாள்: "நாளைக்கும் நீதானே பின்னுவே?"

பின்னுவேன், கன்னியம்மா. உன் கதைகளில் ஒன்றைக்கூட அவளிடம் மறைக்க மாட்டேன், இது சத்தியம். ஆனால் இனி தினமும் அந்தத் தலையைத் தொடப்போகிறவள் நான். அதை நினைத்து நீயும் கொஞ்சம் வயிறெரிந்துகொள்.

உன் மகளுக்கு இன்னும் அம்மா ஆகாத, ஆகியே தீரப்போகிற
உன் சரோஜா