பிரம்பு உபயம்

12.7.1988

ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. கடை வாசலில் தொங்கும் நோட்டு அட்டைகளைப் பிடித்து வைப்பதே வேலையாகப் போயிற்று. அருப்புக்கோட்டைக்கு மழை வராது, மண் மட்டும் தவறாமல் வரும்.

மதுரையிலிருந்து லோடு இறங்கியது. சிலேட்டு, பல்பம், ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு கட்டுப் பிரம்பு. பிரம்பை வாத்தியார்மார் மட்டும் வாங்குவதில்லை, அப்பன்மாரும் வாங்குகிறார்கள். இன்று பரளச்சி காளிராஜ் வந்தார். பருத்திக்காட்டுக்காரர். அவர் மகன் மாரிக்கண்ணனும் என் மகள் சுகப்பிரியாவும் ஆறாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள். பிரம்பை வளைத்துப் பார்த்தார், காற்றில் ஒரு வீசு வீசிப் பார்த்தார்.

"கணக்கு சார்ட்ட குடுக்கணும்க்கா. பயலுக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது."

மகனுக்குச் செருப்பு வாங்கியபோதுகூட இவர் இவ்வளவு பார்த்து வாங்கியிருக்க மாட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரம்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

19.7.1988

சுகப்பிரியா சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைய முடியவில்லை. வலது உள்ளங்கை வீங்கி, விரல் மடங்கவில்லை. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறினாளாம். அடித்தது கணக்கு சார் பூமிநாதன்.

ஊட்டிவிட்டேன். பதினோரு வயதுப் பிள்ளைக்கு! வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "பூமிநாதன் சாருட்ட அடி வாங்குன பிள்ளைகதான் இன்னைக்கு பேங்குல உக்காந்திருக்கு" என்கிறார். பேங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் கையை விரித்துப் பார்த்தாராமா?

20.7.1988

காய்ச்சல் என்று படுத்திருக்கிறாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை.

25.7.1988

இன்றும் போகவில்லை. வெள்ளிக்கிழமை வயிற்றுவலி, இன்று தலைவலி. நாளைக்கு எந்த இடத்தில் வலிக்குமோ.

இவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெகு சாதாரணமாகச் சொன்னார்: "பிடிக்கலேன்னா விடு கனகு. பொம்பளப்பிள்ளதான. ஆறாப்பு வரைக்கும் போனது போதும்."

என்னையும் இப்படித்தான் எட்டாம் வகுப்போடு யாரும் கோபப்படாமல் நிறுத்தினார்கள். இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை பத்து நாள் வீட்டில் இருந்தால், அடுத்த வாரமே மாவாட்டப் பழக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் நகை, அதற்கப்புறம் மாப்பிள்ளை. என் மகளைப் பிரம்புக்குப் பயந்து அடுப்படிக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. விடமாட்டேன்.

27.7.1988

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் ஆட்கள் கடைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து நடத்தும் பள்ளிக்கூடம். இவர் கமிட்டி மெம்பர். இருந்தாலும் அங்கே அப்பன்மார்தான் போவார்கள். போய், நல்லா அடிச்சு வளருங்க சார் என்று சொல்லிவிட்டு வருவார்கள். அடிக்க வேண்டாம் என்று சொல்லப் போன முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

பூமிநாதன் சார் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று நாற்காலி போட்டார். "உங்க பிள்ள நல்லா வரணும்னுதானம்மா அடிச்சேன்" என்றார்.

"வரல சார். ஒரு வாரமா வரவே இல்ல."

முகம் வாடிவிட்டது. நான் கமிட்டி மெம்பர் வீட்டம்மா வேறு. "சரிம்மா. இனிமே சுகப்பிரியாவத் தொடமாட்டேன்" என்றார்.

1.8.1988

போய்விட்டாள்! இரட்டைச்சடை போட்டு, கனகாம்பரம் வைத்து அனுப்பினேன். இவர் கல்லாவில் இருந்து பார்த்துவிட்டு, "கோட்டையப் பிடிச்சிட்ட" என்றார். ஆமாம், பிடித்துவிட்டேன்.

11.8.1988

என்ன கோட்டையைப் பிடித்தேன்? தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன், என் பிள்ளை தலையில்.

வகுப்பில் அவளுக்கு 'கண்ணாடி' என்று பேர் வைத்துவிட்டார்கள். தொட்டால் உடைந்துவிடுமாம். அதுகூடப் பரவாயில்லை. சார் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வருவாராம், இவளைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாராம். கணக்கு நோட்டைக்கூட வாங்கித் திருத்துவதில்லையாம். தப்பு இருந்தால் அடிக்க வேண்டும், அடிக்கக் கூடாது, அதனால் பார்க்கவே வேண்டாம். சார் இதை வீம்பாகச் செய்கிற மாதிரியும் தெரியவில்லை. அடித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு அடிக்காமல் கேட்கத் தெரியவில்லை.

"நான் அங்க இல்லாத மாதிரியே இருக்கும்மா" என்றாள். அப்புறம் பாயை விரிக்கும்போது —

"பேசாம அடிக்கவே சொல்லிரும்மா."

பெத்த வயிறு என்ன பாடுபடும் என்று எந்தக் கமிட்டியிடம் போய்ச் சொல்வது?

12.8.1988

ஒரு பிள்ளைக்கு மட்டும் கேட்டது என் புத்திகெட்ட வேலை. கேட்டால் அத்தனை பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். கையில் இருந்த காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிரம்பே நம்ம வீட்டு உபயம். ஞாபகம் இருக்கா?"

இருக்காதா? இவருடைய தாத்தா காலத்திலிருந்து விஜயதசமிக்கு விஜயதசமி இந்தக் கடையிலிருந்து ஒரு கட்டுப் பிரம்பு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பொரிகடலைத் தட்டோடு கொண்டுபோவார்கள். சில ஊரில் உபயம் என்றால் தேருக்கு வடம், கோயிலுக்கு மணி. எங்கள் வீட்டுக்கு வாய்த்தது இது.

"குடுக்குறதும் நாமதான், வேண்டாங்கறதும் நாமதான்னா ஊரு சிரிக்கும் கனகு."

"சிரிக்கட்டும். அடி வாங்காம சும்மா சிரிச்சுட்டுப் போகட்டும்."

வைத்த காபியை எடுத்துக் குடித்தார். வழக்கம்போல எழுந்து போய்விடவில்லை.

22.8.1988

காளிராஜ் உரம் வாங்க டவுனுக்கு வந்தவர் கடையிலும் தலைகாட்டினார். பிரம்பே வேண்டாம் என்று நான் சொல்கிற விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"அடிக்காத வாத்தியாருக்குப் பிள்ள மேல அக்கற இல்லன்னுதானக்கா அர்த்தம்? நான் விடிஞ்சா காட்டுல கெடக்கேன். பயலக் கண்டிக்க அவுகள விட்டா யாரு?"

"காளைய இப்பிடித்தான் அடிச்சுப் பழக்குவீகளா?"

"அதெப்பிடி? மிரண்டு போயிருச்சுன்னா அப்புறம் ஏருல நிக்காது."

"உங்க பயலுக்கு ஏன் கணக்குல நிக்கலன்னு தெரியுதா?"

"மாடும் மனுசனும் ஒண்ணாக்கா?" என்று சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிளம்பும்போது, மாரிக்கண்ணன் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்லி அலறுகிறான் என்று தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

4.9.1988, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. நின்றால் என்ன? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

பிரசிடெண்டு ரத்தினம் அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். "பிரம்ப எடுத்துட்டா பயமே போயிரும். பயம் போச்சுன்னா ரிசல்ட்டும் போகும்." பலர் தலையாட்டினார்கள். ஒருவர், நான் வாங்காத அடியா, நல்லாத்தான இருக்கேன் என்றார். நல்லாத்தான் இருக்கிறார். வீட்டில் பொண்டாட்டியைக் கேட்டால் தெரியும்.

பூமிநாதன் சாரைக் கேட்டார்கள். என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குச் சொல்லிக்குடுத்தவுக அடிச்சுத்தான் சொல்லிக்குடுத்தாக. அடிக்காம எப்பிடின்னு யாரும் காட்டலம்மா."

"எனக்கும் தெரியாது சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மை அதுதான்.

அப்போது இவர் எழுந்தார். கூட்டத்தில் வாயைத் திறக்காத மனுஷன். "எம்மக அடிய வேண்டிக் கேட்டு அழுகுது. அடி வாங்குனாத்தான் நாம ஒரு ஆளுன்னு ஒரு பிள்ள நெனைக்குதுன்னா, நாம பள்ளிக்கூடம் நடத்துற லட்சணம் சரியில்ல" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

முடிவு: ஆறாம் வகுப்பில் மட்டும் அரையாண்டுப் பரீட்சை வரை பிரம்பு கூடாது. மார்க்கு இறங்கினால் பழையபடி. அதுவரை யாரும் பேசக் கூடாது.

15.9.1988

ஆறாம் வகுப்பின் இரைச்சல் பஜார் வரைக்கும் கேட்கிறதாம். மாரிக்கண்ணன் பெஞ்சு மேல் ஏறி நின்றானாம். கத்திக் கத்திச் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்கும் பனங்கற்கண்டும் கொடுத்தனுப்பினேன்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னக்கா, பள்ளிக்கூடம் சந்தையாயிருச்சாமே" என்கிறார்கள். தோற்றுவிடுவோமோ?

7.10.1988

தொண்டை கட்டியதும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. கத்த முடியாத சார், பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பலகைக்கு அனுப்புகிறாராம். ஒருவர் கணக்குப் போட வேண்டும், மற்றவர் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதென்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? சத்தம் குறைந்திருக்கிறதாம். சுகப்பிரியாவையும் கூப்பிட்டார். தப்பாகத்தான் போட்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

20.10.1988, விஜயதசமி

உபயத்தை நிறுத்த இவருக்கு மனசு வரவில்லை. தாத்தா காலத்து வழக்கம். நிறுத்தவில்லை. ஒரு பெரிய கரும்பலகையும் சாக்பீஸ் பெட்டிகளும் மஞ்சள் குங்குமத்தோடு வண்டியில் போயின, நானும் கூடப் போனேன்.

பூமிநாதன் சார் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "கட்டு வரலையாம்மா?" என்றார்.

"கடையில இருக்கு சார். வேணும்னா வெல குடுத்து வாங்கிக்கிருங்க."

சிரித்துவிட்டார். வாங்க வரவில்லை.

6.1.1989

அரையாண்டு மார்க்கு வந்துவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாரிக்கண்ணன் போன தடவை மாதிரியே தட்டுத்தடுமாறிப் பாஸ். ஒரு பெரிய அதிசயத்தை எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஆனால் ரத்தினம் அண்ணாச்சி கமிட்டியில் மார்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், இவர் வந்து சொல்கிறார்: "அடிச்சாலும் இதே மார்க்கு, அடிக்காட்டியும் இதே மார்க்கு. அப்ப இத்தன வருசம் எதுக்குய்யா அடிச்சோம்?" கடைக்காரர் புத்தி. லாபம் இல்லாத சரக்கை வைத்திருக்க மாட்டார். ஜூனிலிருந்து ஏழாம் வகுப்புக்கும் பிரம்பு கிடையாதாம்.

19.1.1989

சுகப்பிரியா பையைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் ஓடிவந்தாள். சார் பலகையில் பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாராம். இவள் எழுந்து நின்று, "சார், தப்பு" என்றாளாம்.

கையிலிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைத்தேன். "சார் என்ன சொன்னாரு?"

"அழிச்சுட்டுச் சரியாப் போட்டாரும்மா. அப்புறம் அந்த மாரிக்கண்ணன், 'சாருக்கு ஒரு அடி'ன்னான். கிளாஸே கப்புன்னு ஆயிருச்சு. சார் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, அவரே கைய நீட்டுனாரும்மா."

"அப்புறம்?"

"அடிக்கக் கம்பு எங்க இருக்கு? எல்லாரும் சிரிச்சுட்டோம். சாரும்தான்."

சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று உள்ளே ஓடிவிட்டாள்.